ஓர்சே அருங்காட்சியகத்தை முதன்முதலாகப் பார்க்கச் செல்வோருக்கு

பாரிஸ் நகரத்தில் சேன் ஆற்றின் தென்கரையில், துய்லரி தோட்டத்துக்கு எதிரே ஓர்சே அருங்காட்சியகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே கூரையின்கீழ்ப் பார்க்க விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம் அது. ஆனால் முதன்முறை வருவோரில் பெரும்பாலோர் வாயிலைக் கடந்ததும் நகரும் படிக்கட்டைத் தேடி நேரே ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுகிறார்கள். மோனே, ரெனுவார் என்று கேள்விப்பட்ட பெயர்களெல்லாம் அங்கே இருப்பதே காரணம். இரண்டு மணி நேரம் கழித்துக் கால் ஓய்ந்து இறங்கி வரும்போது, கீழ்த்தளத்துச் சிற்பங்கள் வெளியேறும் வழியில் நிற்கும் அலங்காரப் பொருள்களாகத்தான் கண்ணில் படுகின்றன. உறவினரையும் நண்பர்களையும் பலமுறை அங்கே அழைத்துச் சென்ற அனுபவத்தில் நான் சொல்வது ஒன்றுதான்: கீழிருந்து தொடங்குங்கள், சிற்பத்திலிருந்து தொடங்குங்கள். மேல்தளத்து ஓவியர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பது கீழே நின்று பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

புறப்படும் முன்

அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளிலும் மே 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களிலும் மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 9:30 முதல் மாலை 6 மணி வரையும், வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு 9:45 வரையும் திறந்திருக்கும். கூட்டத்துக்கு அஞ்சுவோருக்கு வியாழன் மாலையைத்தான் பரிந்துரைப்பேன்; சுற்றுலாக் குழுக்கள் கலைந்துபோன பிறகு அறைகளில் நின்று நிதானமாகப் பார்க்க இடம் கிடைக்கும், கட்டணமும் அப்போது குறைவு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அனைவருக்குமே இலவசம் என்றாலும் அதற்கும் முன்பதிவு செய்ய வேண்டும், அன்றைய நெரிசலில் எதையும் ஆற அமரப் பார்க்க முடியாது. நுழைவுச்சீட்டை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே நேரம் குறித்து வாங்கிவிடுங்கள்.

அதே இணையதளத்தில் இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்கும் படைப்பு ஒவ்வொன்றுக்கும் அங்கே தனிப் பக்கம் உண்டு. அது இப்போது எந்தத் தளத்தில், எந்த அறையில் இருக்கிறது, அல்லது காட்சியில் இல்லையா என்பதை அந்தப் பக்கம் சொல்லும். படைப்புகள் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குச் செல்வதும், சீரமைப்புக்கு எடுக்கப்படுவதும், அறை மாற்றப்படுவதும் வழக்கமாக நடப்பவை. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அறை எண்களைக் குறிப்பிடவில்லை.

இங்கே எவை இல்லை என்பதையும் அறிந்து செல்வது நல்லது. ஓர்சேயின் தொகுப்பு, பெரும்பாலும் 1848 முதல் 1914 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. தெலக்ருவா வரைந்த, கொடியேந்தி மக்களை வழிநடத்தும் சுதந்திரப் பெண்ணைத் தேடுவோர் லூவ்ருக்குப் போக வேண்டும். மோனேயின் மிகப் பெரிய அல்லிக்குள ஓவியங்கள் ஆற்றின் மறுகரையில் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் உள்ளன. மேல்தளத்து ஓவியர்களின் பாணிக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயர் பிறக்கக் காரணமான மோனேயின் சூரியோதய ஓவியம், நகரத்தின் மேற்கே மர்மோத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான் கோவின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் சுழலும் விண்மீன் வானம் நியூயார்க்கில் உள்ளது. ஓர்சேயில் இருப்பது 1888இல் ரோன் ஆற்றங்கரையில் அவர் தீட்டிய வேறொரு விண்மீன் இரவு.

ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் 'சி' தடத்தில் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிலையம் உண்டு. ஆனால் கோடையில் பராமரிப்புப் பணிக்காக அந்தத் தடத்தின் நகரப் பகுதியை நிறுத்திவைப்பதுண்டு. மெட்ரோவில் 12ஆம் தடத்தின் சோல்ஃபெரினோ நிலையம் அருகில் உள்ளது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் மார்க்ஸ் டோர்முவா நிலையத்துக்கு நடந்து சென்று ஏறினால், வண்டி மாறாமல் வந்து இறங்கிவிடலாம். பெட்டி, பெரிய பை எதையும் கொண்டுவராதீர்கள்.

நடுக்கூடத்தில் முதல் ஒரு மணி நேரம்

உள்ளே நுழைந்ததும் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் 0 என்றும், நடுத்தளம் 2 என்றும், மேல்தளம் 5 என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு படிகளின் மேலேயே ஒரு நிமிடம் நின்று கூடத்தை முழுமையாகப் பாருங்கள். 138 மீட்டர் நீளமும் 32 மீட்டர் உயரமும் கொண்ட இந்தக் கூடம் ஒரு ரயில் நிலையமாக இருந்தது. 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக விக்தோர் லலூ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய இந்த நிலையம், ரயில்கள் நீண்டுகொண்டே போனதால் நடைமேடைகளின் நீளம் போதாமல், 1939க்குப் பிறகு புறநகர் வண்டிகளுக்கு மட்டும் பயன்பட்டது. இடிக்கப்படுவதிலிருந்து தப்பி 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரை வழியாகப் பகலொளி நேராகச் சிற்பங்களின் மேல் விழுவது அந்தப் பழைய நிலையம் தந்த கொடை. காலையில் பார்த்த பளிங்கு முகத்தை மாலையில் பார்த்தால் நிழல் இடம் மாறியிருக்கும்.

சிற்பத்தைப் பார்க்கத் தொடங்கும் முன், பக்கத்தில் உள்ள சிறு பலகையில் அது எந்தப் பொருளால் ஆனது என்பதைப் படியுங்கள். பளிங்கு, வெண்கலம், பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), சுட்ட மண், மெழுகு என்பவை வெறும் பொருள் விவரங்களாகத் தோன்றலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பத்தைப் புரிந்துகொள்ளும் வழி அங்கேதான் திறக்கிறது. நம்மூர் முறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் செய்த உருவத்தின்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் கிடைப்பது ஒரே ஒரு சிலை. பாரிஸ் பட்டறைகளிலோ, சிற்பி களிமண்ணில் வனைந்த உருவத்திலிருந்து முதலில் பாரிஸ் சாந்தில் ஒரு படி எடுத்தார்கள். அந்தச் சாந்துப் படியை வைத்துக்கொண்டு வேண்டும்போதெல்லாம் புதிய அச்சு எடுத்து வெண்கலத்தில் வார்த்தார்கள், அல்லது புள்ளி புள்ளியாக அளந்து உதவியாளர்கள் பளிங்கில் செதுக்கினார்கள். ஆகவே ஒரே சிற்பம் பல ஊர்களில் இருப்பது இங்கே சாதாரணம். சிற்பியின் விரல் பட்ட வடிவத்துக்கு மிக அருகில் இருப்பது பல நேரங்களில் சாந்துப் படிதான். வெண்கலத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பார்த்தால் வார்ப்புப் பட்டறையின் முத்திரையைக் காணலாம்; வார்த்த ஆண்டு சிற்பியின் இறப்புக்குப் பிந்தியதாக இருந்தால் வியக்க வேண்டாம்.

இந்தக் கூடத்தில் ஒருவரை மட்டும் பார்க்க நேரமிருந்தால் ழான்-பாப்திஸ்த் கார்ப்போவைப் பாருங்கள். பசியால் சாகும்படி மகன்களோடு கோபுரத்தில் அடைக்கப்பட்ட உகொலீனோவின் கதை, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வருவது. கார்ப்போவின் வெண்கலத்தில் அந்தத் தந்தை தன் விரல்களையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தைப் பார்த்துவிட்டு நகராமல் அவன் கால்களைப் பாருங்கள்: ஒரு பாதத்தின்மேல் மற்றொரு பாதம் அழுந்தி, கால்விரல்கள் முறுகிக் கிடக்கின்றன. வேதனை முழு உடம்பிலும் இறங்கியிருப்பதை அந்த விரல்கள் காட்டுகின்றன. இதே கலைஞரின் நடனக் குழு ஒன்று, நகரத்து ஒபேரா மாளிகையின் முகப்புக்காகக் கல்லில் செதுக்கப்பட்டது. 1869இல் அது திறந்து காட்டப்பட்டபோது, கைகோத்துச் சிரித்துச் சுழலும் அந்த ஆடையற்ற பெண்கள் ஒழுக்கக்கேடு என்று கூச்சல் எழுந்தது, ஓர் இரவில் யாரோ அதன்மேல் மைப்புட்டியை வீசினார்கள். காற்றாலும் புகையாலும் சிதையத் தொடங்கிய மூலக் கல் பின்னர் முகப்பிலிருந்து அகற்றப்பட்டு, இப்போது ஓர்சேயில் இருக்கிறது. எந்தச் சிற்பத்தையும் ஒரு முழுச் சுற்று சுற்றி வராமல் விடாதீர்கள். முன்பக்கம் பார்த்ததும் புகைப்படம் எடுத்துவிட்டு நகர்வோர், சிற்பத்தை ஓர் ஓவியமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒனொரே தோமியே களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய, சுடப்படாத 36 தலைகளையும் தேடிப் பாருங்கள். 1830களின் அரசியல்வாதிகளைக் கேலிச்சித்திரமாக வரைவதற்கு அவர் செய்துகொண்ட மாதிரிகள் அவை. ஒவ்வொன்றும் மிகச் சிறியது.

பக்கத்து அறைகளில்: ஏற்கப்பட்டவையும் மறுக்கப்பட்டவையும்

கூடத்தின் இருபுறமும் உள்ள ஓவிய அறைகளுக்குள் நுழையும் முன் 'சலோன்' என்ற சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். அது அரசு ஆதரவில் பாரிஸில் நடந்த பெருங்கண்காட்சி. நடுவர் குழு தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே அதில் இடம்பெறும்; அங்கே மாட்டப்படாத ஓவியனுக்கு வாங்குவோர் கிடைப்பது அரிது. எந்தப் பொருள் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதற்கும் வரிசை இருந்தது. புராணமும் வரலாறும் மேலே, உருவப்படம் அடுத்து, அன்றாட வாழ்க்கை, இயற்கைக் காட்சி, பழமும் பாத்திரமும் வரைவது ஆகியவை அதற்கும் கீழே. பெரிய கித்தான் மேலிடத்துப் பொருள்களுக்கே உரியது என்று கருதினார்கள்.

குஸ்தாவ் குர்பே இந்த வரிசையை உடைத்த விதத்தை அளவிலேயே பார்க்கலாம். தன் சொந்த ஊரான ஒர்னானில் நடந்த ஒரு சவ அடக்கத்தை ஏறத்தாழ 6.6 மீட்டர் அகலத்தில், ஊர்க்காரர்களை ஆளுயரத்துக்கு நிறுத்தி வரைந்தார். மன்னர்களுக்கும் தேவர்களுக்கும் உரிய அளவில் கிராமத்து மனிதர்கள் நின்றதுதான் அன்று பலருக்குப் பொறுக்கவில்லை. குர்பேயின் பெரிய படங்கள் சில சமயம் சீரமைப்பில் இருக்கும். அவருடைய ஓவியக்கூடத்தைக் காட்டும் மாபெரும் படம் 2014 முதல் பார்வையாளர்களின் கண்முன்னே, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துச் சீரமைக்கப்பட்டது. அப்படி வேலை நடப்பதைக் காண நேர்ந்தால் அதைக் குறையாக எண்ணாமல் நின்று பாருங்கள்.

மிலேயின் கதிர் பொறுக்கும் பெண்கள் 1857இல் தீட்டிய படம். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களை மூன்று பெண்கள் பொறுக்குகிறார்கள். இருவர் முழுதாகக் குனிந்திருக்க, மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். முதலில் அவர்களின் முதுகையும் கைகளையும் பாருங்கள். பிறகு கண்ணைத் தொடுவானத்துக்கு உயர்த்துங்கள். அங்கே குவிந்த போர்களும் நிறைந்த வண்டியும், குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளனும் சிறிதாகத் தெரிகிறார்கள். விளைச்சல் எவ்வளவு, இவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை அந்தத் தொலைவே சொல்லிவிடுகிறது.

அடுத்து, இரண்டு படங்களை ஒரே நாளில், முடிந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்படி திட்டமிடுங்கள். இரண்டுமே 1863இல் வரையப்பட்டவை. இரண்டிலும் படுத்திருக்கும் ஆடையற்ற ஒரு பெண். காபனெலின் வீனஸ் கடலலைமேல் மிதக்கிறாள். அவள் மேனியில் தூரிகை போன தடமே தெரியாது. சலோனில் பாராட்டுப் பெற்ற அந்தப் படத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வாங்கினார். எதுவார் மானேயின் ஒலிம்பியா, பாரிஸ் வீடொன்றின் கட்டிலில் கழுத்தில் கறுப்பு நாடாவுடன் படுத்து, பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கிறாள்; பின்னால் பணிப்பெண் மலர்க்கொத்தை நீட்டுகிறாள்; கட்டில் ஓரத்தில் ஒரு கறுப்புப் பூனை. 1865 சலோனில் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். வீனஸைப் பார்க்கும்போது பார்வையாளன் யார் என்ற கேள்வி எழுவதில்லை. ஒலிம்பியாவின் முன் நிற்பவன் தான் யாராக வந்து நிற்கிறோம் என்று யோசிக்க நேர்கிறது. மானே இறந்த பிறகு, படம் அமெரிக்காவுக்குப் போய்விடக் கூடாதென்று மோனே முன்னின்று பணம் திரட்டி, அதை வாங்கி 1890இல் அரசுக்கு அளிக்கச் செய்தார். (மானே வேறு, மோனே வேறு, ஒரெழுத்து வேறுபாட்டில் குழம்பாதவர் குறைவு.)

இரண்டாம் தளத்தின் மாடங்கள்

இங்கே நீண்ட நேரம் தேவையில்லை. ஆனால் இரண்டு படைப்புகளை விட்டுவிடக் கூடாது. சிற்பி ரோதானின் நரக வாசலுடைய சாந்து வடிவம் ஒன்று. 1880இல் அரசு இதை ஓர் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் கதவாகச் செய்யச் சொன்னது. 1871 கலகத்தில் எரிந்த அரசுக் கணக்குத் தணிக்கை மன்றத்தின் இடத்தில் கட்டப்படவிருந்த அந்த அருங்காட்சியகம் கடைசிவரை கட்டப்படவில்லை. அங்கே எழுந்தது ஓர்சே ரயில் நிலையம். கதவு எந்த இடத்துக்காக நினைக்கப்பட்டதோ அங்கேதான் இன்று நிற்கிறது. மேலே குனிந்து உட்கார்ந்திருக்கும் சிந்தனையாளனைத் தனிச்சிலையாக எல்லோரும் அறிவார்கள். இந்தக் கதவுக்காகப் பிறந்தவன் அவன். கீழே கார்ப்போவிடம் பார்த்த உகொலீனோவையும் இதில் தேடிக் கண்டுபிடியுங்கள்: ரோதான் அவனை விலங்குபோல நான்கு காலில் ஊர விட்டிருக்கிறார். ரோதானின் கண் தமிழ்நாட்டு வெண்கலத்தையும் தொட்டது. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்து வியந்து அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921இல் வெளிவந்தது.

மற்றொன்று கமீல் க்ளோதெலின் மூன்று உருவங்கள் கொண்ட வெண்கலம். முதியவள் ஒருத்தி நடுவயது மனிதனை இழுத்துச் செல்கிறாள். பின்னால் மண்டியிட்ட இளம்பெண் இரு கைகளையும் நீட்டுகிறாள். பக்கவாட்டில் நின்று, அவள் விரல் நுனிக்கும் அவன் கைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். இதை ரோதானுடன் அவருக்கிருந்த உறவின் முறிவாகவே படிப்போர் அதிகம். எனக்கு அந்தப் படிப்பு போதவில்லை. கதை எதுவும் தெரியாமல் வருகிற ஒருவர் மனத்தையும் அந்த இடைவெளி பற்றிக்கொள்கிறது. அது சிற்பியின் கைத்திறன்.

ஐந்தாம் தளம்

இப்போது மேலே ஏறலாம். சலோன் நடுவர்களை நம்பியிருக்க விரும்பாத சுமார் 30 கலைஞர்கள், 1874 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் நதாரின் பழைய கூடத்தில் தாங்களே கண்காட்சி நடத்தினார்கள். 1886 வரை அப்படி எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. குழந்தையின் தொட்டிலை ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்கும் பெர்த் மொரிசோவின் படம் அந்த முதல் கண்காட்சியிலேயே இருந்தது.

இங்கே பார்க்கும் முறை மாற வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தொலைவுகளிலிருந்து பாருங்கள்: முதலில் நான்கைந்து அடி பின்னால் நின்று முழுக் காட்சியை, பிறகு, எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டாமல், வண்ணம் தடித்து நிற்கும் இடத்தை. ரெனுவாரின் மூலான் தெ லா கலெத் நடனப் படத்தில், இலைகளின் வழியே விழும் வெயில் மனிதர்களின் கோட்டிலும் தொப்பியிலும் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. நிழலில் கறுப்பைத் தேடினால் நீலமும் ஊதாவும்தான் கிடைக்கும். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841 முதல் வந்துவிட்டதால், ஓவியர்கள் வெளியில் போய் அங்கேயே வரைந்து முடிக்க முடிந்தது; அந்த நிழலின் நிறம் வெளியில் நின்று கண்டது. மோனேயின் ருவான் நகரப் பேராலய ஓவியங்கள் ஐந்து இங்கே உள்ளன. ஒன்றில் மட்டும் நிற்காமல் ஐந்துக்கும் முன்னால் நடந்து போனால், கல் ஒன்றாகவே இருக்க வெளிச்சம் மட்டும் மாறுவது தெரியும்.

நான் அழைத்துச் செல்பவர்களை அதிக நேரம் நிறுத்துவது குஸ்தாவ் கைபோத்தின் 1875ஆம் ஆண்டுப் படத்தின் முன். மூன்று தொழிலாளர்கள் மேலாடையின்றி மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டுகிறார்கள். வெளிச்சம் அவர்களுக்கு எதிரே உள்ள மாடக் கதவு வழியாக வருகிறது. சுரண்டாத பலகை மினுங்குகிறது, சுரண்டிய பலகை வெளிறிக் கிடக்கிறது, தரையெங்கும் மரச்சுருள்கள், ஓரத்தில் ஒரு மது புட்டியும் கோப்பையும். சலோன் இதை மறுத்துவிட, அடுத்த ஆண்டு நண்பர்களின் கண்காட்சியில் இடம்பெற்றது. செல்வந்தரான கைபோத் நண்பர்களின் படங்களை வாங்கிச் சேர்த்து, அவற்றை நாட்டுக்கே எழுதி வைத்தார். 1894இல் அவர் இறந்தபோது அதிகாரிகள் தயங்கினார்கள், கடைசியில் அரசு சுமார் 40 படங்களை மட்டும் ஏற்றது. ரெனுவாரின் நடனப் படம் உள்ளிட்டு நீங்கள் இங்கே பார்க்கும் பல புகழ்பெற்ற படங்கள் அந்த வழியில் வந்தவை. படத்தருகே உள்ள பலகையில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள்.

தெகாவின் பதினான்கு வயது நடனச் சிறுமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காண்பீர்கள். 1881இல் தெகா காட்டியது மெழுகு உருவம். அதற்கு உண்மையான முடியும் துணி ஆடையும் அணிவித்திருந்தார். அந்த மெழுகு மூலம் இப்போது வாஷிங்டனில் உள்ளது. இங்கே இருப்பது அவர் 1917இல் இறந்த பிறகு வார்க்கப்பட்ட வெண்கலம். கைகளைப் பின்னால் கோத்து, தாடையை உயர்த்தி, கண்களை ஏறத்தாழ மூடி நிற்கிறாள். உலோக உடம்பின்மேல் உண்மையான வலைத்துணிப் பாவாடையும், பின்னலில் பட்டு நாடாவும். கீழ்த்தளத்தில் பொருள்களைப் பற்றிப் படித்தது இங்கே கைகொடுக்கும். வான் கோ, செசான் ஆகியோருக்கும் நேரம் ஒதுக்குங்கள். களைத்துவிட்டால் அவர்களுக்காக இன்னொரு நாள் வருவது மேல்.

பெரியவர்களோடு செல்வோர், சக்கர நாற்காலியைக் கேட்டுப் பெறலாம். எல்லாத் தளங்களுக்கும் மின்தூக்கி உண்டு. புகைப்படம் எடுக்கத் தடையில்லை, பிளாஷ் மட்டும் கூடாது. மூடும் நேரத்துக்கு முன்பே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்குவார்கள் என்பதால், கடைசி அரை மணி நேரத்தில் புதிய அறை எதையும் தொடங்காமல், அன்று உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றிடம் திரும்பிச் செல்லுங்கள். மறுநாள் ஒபேரா மாளிகைப் பக்கம் போனால், முகப்பின் வலப்புறத்தில் கார்ப்போவின் நடனக் குழுவுக்குப் பதிலாக வைக்கப்பட்ட நகல் இருக்கும். சிற்பி போல் பெல்மோந்தோ செய்தது. அத்தனை உயரத்தில் நிற்கும் முகங்களைச் சாலையிலிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். முந்திய நாள் அவற்றைக் கண் மட்டத்துக்கு அருகில் பார்த்துவிட்டீர்கள்.